சபுராளியின் முதல் நாள்

கடல் கடந்து போய் வந்தவர் ஒருவரேனும் இல்லாத குடும்பம் நம் சமுதாயத்தில் அருமை. அன்று பினாங்கு, சிங்கப்பூர், ரங்கூன், கொழும்பு. இன்று துபாய், ஜித்தா, கோலாலம்பூர். ஊர்ப் பெயர்கள் மாறினவே அன்றிப் போக்கும் வரவும் மாறவில்லை. அப்படிப் போனவரைச் 'சபுராளி' என்கிறோம். 'சபர்' என்னும் அரபுச் சொல் தமிழ் விகுதி ஒன்றை ஏற்றுக்கொண்டு நம் வீட்டுச் சொல்லாகிவிட்டது. சொல் இருக்கிறது. அவர் அனுப்பிய பணத்தில் எழுந்த மச்சு வீடு இருக்கிறது. அவர் கொண்டுவந்த பீங்கான் கோப்பைகள் கண்ணாடி அலமாரியில் இருக்கின்றன. ஆனால் முன்பின் அறியாத ஒரு பெருநகரத்தின் தெருக்களில் அவர் முதன்முதலாகத் தன்னந்தனியே நடந்து திரிந்த அந்த ஒரு பகற்பொழுது நம் எழுத்தில் எங்கே இருக்கிறது?

தேடிப் பார்த்தோம். கிடைத்தது சொற்பம்.

பயண நூல்களே தமிழில் இல்லை என்று நாம் சொல்ல வரவில்லை. சோமலெ நாடு நாடாக எழுதினார். மணியன் வார இதழ் வழியே வாசகர்களை உலகம் சுற்றிக் காட்டினார். தி. ஜானகிராமன் ஜப்பானுக்குப் போய்வந்து 'உதயசூரியன்' எழுதினார். ஹஜ் பயண நூல்களுக்கோ நம்மிடையே குறைவே இல்லை. இவை பயனுள்ளவை என்பதில் ஐயமில்லை. ஆயினும் இவ்வகை நூல்களில் பெரும்பாலானவற்றில் ஆசிரியர் தனியாக இருப்பதே இல்லை. விமான நிலையத்தில் நண்பர் காருடன் காத்திருப்பார். மறுநாள் தமிழ்ச் சங்கத்தார் அழைத்துச் செல்வார்கள். மூன்றாம் நாள் விருந்து. பெயர் பெற்ற கட்டடங்களுக்கு முன்னால் இறக்கி ஏற்றப்படுகிறவர் அந்த நகரத்தைக் கண்டார் என்று சொல்வதைவிட, அந்த நகரம் அவருக்குக் காட்டப்பட்டது என்று சொல்வதே பொருத்தம்.

இந்நாளில் நமக்கு வருகிற கட்டுரைகளிலும் இக்குறையைக் காண்கிறோம். துபாய்க்குப் போய்வந்த இளைஞர் ஒருவர் அனுப்பிய நீண்ட கட்டுரையில், 2010-இல் திறக்கப்பட்ட புர்ஜ் கலீபாவின் உயரம் 828 மீட்டர் என்பது மூன்று இடங்களில் வருகிறது. அந்தக் கோபுரத்தின் அடியில் நின்றபோது அவர் கழுத்து வலித்ததா, பசித்ததா, யாரையாவது நினைத்தாரா என்பது ஓரிடத்திலும் இல்லை. 828 மீட்டரை நாம் பேட்டையில் இருந்துகொண்டே அறிந்துகொள்ளலாம். கழுத்து வலியை அவர்தான் சொல்ல வேண்டும்.

எண்களின் மேல் உள்ள இம்மோகம் புதியதன்று. நம் பயண இலக்கியத்துக்கெல்லாம் தலைமகனாகிய இப்னு பதூதாவிடமே அது உண்டு. 1326-இல் அவர் கெய்ரோ நகரை அடைந்தார். அன்றைய உலகின் மாபெரும் நகரங்களுள் ஒன்று அது. அதைப் பற்றி என்ன எழுதுகிறார்? ஒட்டகங்களில் தண்ணீர் சுமப்போர் 12,000 பேர். கழுதையும் கோவேறு கழுதையும் வாடகைக்கு விடுவோர் 30,000 பேர். நைல் நதியில் ஓடும் கலங்கள் 36,000 என்று கணக்குச் சொல்கிறார். இவற்றை அவர் எண்ணியிருக்க முடியாது. தம் ஊர்ப் பெருமையாக ஊரார் சொன்னதைக் கேட்டு எழுதியிருக்க வேண்டும். கெய்ரோவைப் பற்றி நமக்கு ஒரு பிரமிப்பு உண்டாகிறது, உண்மைதான். ஆனால் இருபத்தோரு வயதில் ஊரை விட்டு வந்த ஒரு வாலிபன் அந்த ஜனக்கடலில் எப்படி நடந்தான் என்பது தெரிவதில்லை.

அதே இப்னு பதூதா, அதற்கு முந்திய ஆண்டில் துனிஸ் நகரத்தில் வந்து சேர்ந்ததைச் சொல்லுமிடம் முற்றிலும் வேறு. 1325 ஜூன் மாதம் தஞ்சியரிலிருந்து துணை யாருமின்றிப் புறப்பட்டவர் அவர். வழியில் காய்ச்சல். சேணத்திலிருந்து விழுந்துவிடாமல் இருக்கத் தலைப்பாகைத் துணியால் தம்மைக் கட்டிக்கொண்டு பயணம் செய்கிறார். துனிஸ் வந்தது. கூட்டத்தோடு வந்தவர்களை வரவேற்க ஊரார் வெளியே வந்து ஸலாம் சொல்லிக்கொள்கிறார்கள். இவருக்கு ஸலாம் சொல்ல ஒருவருமில்லை. கண்ணீர் பொங்கிவிடுகிறது. ஹஜ்ஜுக்குப் போகிற ஒருவர் அதைக் கண்டுகொண்டு அருகில் வந்து ஆறுதல் சொல்கிறார். அவ்வளவே. சில வரிகளில் முடிந்துபோகிறது. 'ரிஹ்லா' என்னும் அந்தப் பயண நூல் 1355 வாக்கில், அவர் சொல்லச் சொல்ல இப்னு ஜுஸய் என்பவர் எழுதி முடித்தது. துனிஸில் சிந்திய கண்ணீர் முப்பது ஆண்டுகளுக்குப் பின்னும் காயவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். இடையில் டில்லியில் காஜியாக இருந்துவிட்டார், மாலத்தீவிலும் காஜியாக இருந்தார், சுல்தான்களோடு உண்டார். அவை அனைத்துக்கும் அடியில் ஸலாம் கிடைக்காத அந்த ஒரு மாலை இருந்துகொண்டே இருக்கிறது.

அறிஞர்கள் இப்னு பதூதாவின் நூலில் வேறு குற்றங்களையும் காட்டுகிறார்கள். டமாஸ்கஸ், மக்கா, மதீனா ஆகியவற்றின் வர்ணனையில் பெரும் பகுதி, அவருக்கு ஒன்றரை நூற்றாண்டு முந்திய இப்னு ஜுபைரின் நூலிலிருந்து எடுத்துக்கொள்ளப்பட்டது என்பது நிறுவப்பட்ட செய்தி. சீனம் வரை போனாரா என்பதிலும் சிலருக்கு ஐயம். இவை நம் மனத்தை உறுத்தவில்லை. இரவல் வாங்கிய இடம் எது, சொந்த இடம் எது என்று வாசகனுக்கே தெரிந்துவிடுகிறது. கட்டடங்களை இரவல் வாங்கலாம். கண்ணீரை வாங்க முடியாது.

சொந்த இடத்துக்கு இன்னொரு சான்று நம் மதுரையிலேயே இருக்கிறது. 1340-களில், மதுரை சுல்தான்களின் ஆட்சிக் காலத்தில், இப்னு பதூதா மஃபர் நாட்டில் கரையேறினார். சுல்தான் கியாஸுத்தீன் அவருக்கு உறவு. இருவரும் அக்காள் தங்கையரை மணந்தவர்கள். மதுரை பெரிய நகரம், அகன்ற தெருக்களை உடையது என்று முறைப்படி எழுதிச் செல்கிறார். பிறகுதான் அந்தச் செய்தி வருகிறது. நகரில் கொள்ளை நோய். நோய் கண்டவர் மறுநாளோ அதற்கு மறுநாளோ மடிகிறார். முன்னாள் சுல்தானின் அமைச்சராக இருந்த ஒருவரின் மனைவி எட்டு வயது மகனைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து தம் வறுமையைச் சொல்கிறார். இவர் பொருள் கொடுக்கிறார். தாயும் பிள்ளையும் நல்ல உடல்நலத்தோடு திரும்பிப் போகிறார்கள். மறுநாள் அதே தாய் வருகிறார். இம்முறை மகனுக்குக் கஃபன் துணி கேட்டு.

மதுரையின் மக்கள்தொகையை அவர் சொல்லியிருந்தால் நாம் மறந்திருப்போம். இந்தத் தாயை மறக்க முடியவில்லை. ஒரு நகரத்தின் பேரிடர் முழுவதும் ஒரு வாசற்படிக்கு வந்து நிற்கிறது. பயண எழுத்து இலக்கியமாகும் இடம் இது என்பது நம் துணிபு.

இப்னு ஜுபைரையும் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். 1183-இல் ஸ்பெயினிலிருந்து புறப்பட்டு ஹஜ்ஜை முடித்துக்கொண்டு மறு ஆண்டு பக்தாத் வந்தார். கலீபாக்களின் தலைநகர்; எல்லாரும் புகழ்ந்து கேட்ட ஊர். அவருக்கோ ஏமாற்றம். இவ்வூரார் செருக்குடையவர், வெளியூராரை மதியாதவர், நிறையிலும் அளவையிலும் நேர்மையற்றவர் என்று மனக்கசப்போடு எழுதிவிட்டார். அதே கையோடு, அங்கு இப்னுல் ஜவ்ஸீ அவர்களின் உபதேசச் சபையில் அமர்ந்து நெஞ்சுருகியதையும் எழுதினார். இரண்டும் ஒரே மனிதனின் ஒரே ஊர். நம் கட்டுரையாளர்கள் முதல் செய்தியை மரியாதை கருதி விட்டுவிடுவார்கள். விட்டால் இரண்டாவதற்கும் எடை இராது.

நம் காலத்துக்கு அருகில் வந்தால், 1965-இல் வெளிவந்த மால்கம் எக்ஸின் தன்வரலாற்றில் ஜித்தா பற்றிய பக்கங்கள் நினைவுக்கு வருகின்றன. 1964 ஏப்ரலில் ஹஜ்ஜுக்காக ஜித்தா வந்திறங்கிய அந்த அமெரிக்கர், கடவுச்சீட்டு விசாரணைக்காக விமான நிலையத்து ஹாஜிகள் தங்கும் விடுதியில் நிறுத்தி வைக்கப்பட்டார். மொழி தெரியாது. கூட வந்தவர்கள் போய்விட்டார்கள். மேடைகளில் ஆயிரமாயிரம் பேரைக் கட்டிப்போட்ட அந்த நா, இங்கே ஒரு குவளைத் தண்ணீர் கேட்கவும் கைச்சைகையை நாட வேண்டியதாயிற்று. தொழுகையின் இருப்பு நிலை அவர் கால்களுக்குப் பழக்கமில்லை; வலிக்கிறது. பிறர் செய்வதைக் கடைக்கண்ணால் பார்த்துச் செய்கிறார். ஒரு முஸ்லிம் தலைவராக இருந்துகொண்டு தொழத் தெரியாமல் இருந்ததை அவர் மறைக்கவில்லை. மாடித் தாழ்வாரத்தில் நின்று கீழே பல நிறத்து மக்கள் நிறைந்திருப்பதைப் பார்க்கிறார். பின்னால் அவர் மக்காவிலிருந்து எழுதிய கடிதம் உலகப் புகழ் பெற்றது. நமக்கோ, அக்கடிதத்தைவிட, அதற்கு முன் வந்த அந்தக் கால் வலி முக்கியமாகப் படுகிறது. நம் ஹஜ் நூல்களில் துஆக்கள் நிறைய உண்டு. இந்தக் கால் வலி இல்லை.

தமிழுக்கு வருவோம். ஏ.கே. செட்டியாரை முதலில் சொல்ல வேண்டும். கோட்டையூரில் 1911-இல் பிறந்து 1983-இல் மறைந்த இப்பெரியார், 'உலகம் சுற்றும் தமிழன்' என்ற நூற்பெயரே தம் பெயராக அமையும்படி வாழ்ந்தவர். காந்தியடிகள் பற்றிய திரைப்படச் சுருள்களைத் தேடிக் கண்டம் கண்டமாக அலைந்து 1940-இல் படத்தை வெளியிட்டார். புகைப்படக் கலை பயின்றவர் ஆதலின் சின்னஞ்சிறு காட்சிகளை அவர் கண் விடாது. தம்மை முன்னால் நிறுத்திக்கொள்ளவும் மாட்டார். இது பெருங்குணம். ஆயினும் நம் தேவைக்கு அதுவே சிறு தடையாகிறது. தனியே திரிந்தவர்தாம், தனிமையைப் பற்றிப் பேச அவருக்குக் கூச்சம். வாசகன் அதை வரிகளுக்கிடையே ஊகித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

அசோகமித்திரனின் 'ஒற்றன்' 1985-இல் வந்தது. 1973-ஐ ஒட்டி அயோவா நகரத்தில் எழுத்தாளர் பலரோடு தங்கிய அனுபவத்திலிருந்து பிறந்த நூல். அந்நியத்தன்மையை இவ்வளவு ஓசைப்படாமல் சொன்ன தமிழ் நூல் வேறில்லை. ஆனால் அயோவா நகரம் பெருநகரமன்று. மேலும் அவர் விருந்தினராகப் போனவர். வயிற்றுப்பாட்டுக்காகப் போனவன் நகரத்தைப் பார்க்கும் கண் வேறு.

அந்தக் கண் ப. சிங்காரத்திடம் இருந்தது. சிங்கம்புணரியில் பிறந்து 1938-இல் சுமாத்திராவின் மெடான் நகருக்கு வேலைக்குப் போனவர். 'புயலிலே ஒரு தோணி' 1972-இல்தான் அச்சேறியது. அதுவும் நெடுங்காலம் பலர் கண்ணில் படாமலே கிடந்தது. மெடானின் 'கெர்க் ஸ்ட்ராட்' தெருவில் கதை தொடங்குகிறது. பாண்டியன் அங்கு நடக்கிறான். கால் மெடானில், நினைவு சின்னமங்கலத்திலும் மதுரையிலும். கடைப் பெயர்களும், மலாய், சீனம், டச்சு ஓசைகளும், ஊர்ச் சந்தையின் கூச்சலும் ஒன்றன்மேல் ஒன்றாக விழுகின்றன. படிக்கிறவருக்குத் தலை சுற்றும். அந்தத் தலைசுற்றல்தான் நகரம். பெரிய அயல் நகரத்தில் தனியே நடக்கிறவன் ஒரு நகரத்தில் நடப்பதில்லை, இரண்டில் நடக்கிறான் என்பதை உரைநடையின் அமைப்பிலேயே காட்டியவர் சிங்காரம் ஒருவரே. பாண்டியனின் சாகசங்கள் சில இடங்களில் நம்ப முடியாதபடி போய்விடுகின்றன என்பதையும் மறைக்க வேண்டுவதில்லை. தெருவில் நடக்கும்போது அவன் நம்மவன்; துப்பாக்கி ஏந்தும்போது திரைப்படத்துக்குப் போய்விடுகிறான்.

சரி, நம்மவர்கள் ஏன் எழுதவில்லை? எழுத்தறிவு இல்லை என்று சொல்லித் தப்ப முடியாது. சிங்கப்பூரில் மகுதூம் சாயபு 'சிங்கை நேசன்' என்னும் தமிழ் இதழை 1887-இலேயே தொடங்கி நடத்தினார். 1893-இல் அங்கே 'குதிரைப் பந்தய லாவணி' என்ற நூல் வந்தது. பந்தயம் காணப் போகும் வழியின் காட்சிகளை அது பாட்டாகப் பாடுகிறது. கடையநல்லூரார் 1941-இல் அங்கே சங்கம் கண்டு, 1946-இல் உமறுப் புலவர் பெயரால் தமிழ்ப் பள்ளியும் நிறுவினார்கள். அச்சகம் இருந்தது, இதழ் இருந்தது, பள்ளிக்கூடம் இருந்தது. இருந்தும் அந்த முதல் நாளை யாரும் எழுதவில்லை.

நமக்குத் தோன்றும் காரணம் இது. நம்மவர் தனிமையை ஒரு குறையாகக் கருதி, அதை அடைக்க முன்கூட்டியே ஏற்பாடு செய்துவிட்டார்கள். பினாங்கில் இறங்கினால் சூலியா தெரு; கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல். சிங்கப்பூரில் இறங்கினால் தெலுக் ஆயர் தெருவில் நாகூர் தர்கா; அதே தெருவில் குச்சுப் பள்ளி; சவுத் பிரிட்ஜ் சாலையில் 'பெரிய பள்ளி' என்று நம்மவர் அழைத்த சூலியா பள்ளிவாசல். 1820-களிலேயே இவை தொடங்கிவிட்டன. மாமன் கடை, மச்சான் அறை, ஊர்க்காரர் சமையல். போகிறவர் ஓர் ஊரிலிருந்து புறப்பட்டு அதே ஊரில் போய் இறங்கினார். இது பாராட்டத்தக்க ஏற்பாடு என்பதில் இரண்டாம் கருத்துக்கு இடமில்லை. இதனால் பசித்தவர் குறைவு, கெட்டவர் குறைவு. ஆனால் இலக்கியத்துக்கு இதனால் ஒரு நட்டம் நேர்ந்தது. அந்நியமாக நின்ற கணத்தை வெட்கமாக எண்ணி விழுங்கிவிட்டார்கள்.

எங்கள் பேட்டையில் அப்படி விழுங்கிய ஒருவரை நாம் அறிவோம். பேட்டை என்றாலே வெளியூர் வணிகர் சரக்கை இறக்கித் தங்கும் இடம் என்று பொருள். வருகிறவரை "எந்த ஊரு? யார் மகன்?" என்று கேட்பது இத்தெருக்களின் இயல்பு. தேங்காய்ப்பட்டணத்தின் கடலை எழுதிய தோப்பில் முஹம்மது மீரான் கூட, மிளகாய் வற்றல் வாணிபத்தோடு இந்தப் பேட்டையில் வாழ்ந்தவர்தாம். 'சாய்வு நாற்காலி' 1997-இல் சாகித்திய அகாதெமிப் பரிசு பெற்றது. 2019-இல் அவர் மறையும் வரை அவரை வழியில் கண்டு ஸலாம் சொன்னவர்கள் பலர் இங்கு உண்டு. நாம் சொல்ல வந்த பெரியவரோ எழுத்தாளர் அல்லர். பெயரைச் சொல்வதை அவர் விரும்பியிருக்கமாட்டார்.

1951-இல் தம் பதினெட்டாம் வயதில், நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பலேறிச் சிங்கப்பூர் போனார். தஞ்சோங் பகாரில் மாமாவின் மளிகைக் கடை. போய்ச் சேர்ந்த மறுநாள் காலை மாமா சொன்னாராம்: "கடை எங்கலே ஓடப் போகுது? இன்னைக்கு ஊரச் சுத்திப் பாத்துட்டு வா. நாளையில இருந்து நேரம் கெடைக்காது." அத்தோடு ஒரு வெள்ளிக் காசு கொடுத்தாராம். பின்னர் இருபத்தாறு ஆண்டுகள் அந்த நகரத்தில் இருந்தும், வேலையின்றிக் கால்போன போக்கில் நடந்த நாள் அது ஒன்றே என்பார்.

தெலுக் ஆயர் தெருவில் நாகூர் தர்காவைக் கண்டதும் அவருக்குத் திகைப்பு. கப்பலேறுமுன் நாகூரில் பாத்திஹா ஓதிவிட்டு வந்தவர். அது முன்னாலேயே வந்து நிற்கிறதே! அதே தெருவில் சீனர் கோயில்; ஊதுபத்திப் புகை. மேலே கம்பியைத் தொட்டுக்கொண்டு ஓடும் பஸ்கள். கடைகளுக்கு முன்னால், மழைக்கும் வெயிலுக்கும் ஒதுங்கி நடக்கத் தோதாக, 'அஞ்சடி' என்று அவ்வூர்த் தமிழர் சொல்லும் தாழ்வாரம் நீண்டுகொண்டே போகிறது. பெரிய பள்ளியில் லுஹர் தொழுதார். பக்கத்திலேயே மாரியம்மன் கோயில் மேளம். அதுவரை அச்சமில்லை.

பிறகு ஆற்றங்கரைக்குப் போனார். தொங்கான்கள் விலாவோடு விலா ஒட்டி நிற்க, மூட்டை சுமக்கிறவர்கள் பலகைமேல் ஓடுகிறார்கள். பாலத்தைக் கடந்து அக்கரையில் வெகுதூரம் சுற்றிவிட்டுத் திரும்பும்போது வழி தப்பிவிட்டது. தாமிரபரணிக் கரைப் பிள்ளைக்கு ஆறு இருக்கும்போது வழி எப்படித் தப்பும்? காலையில் தண்ணீர் எந்தப் பக்கம் போயிற்று என்று பார்த்து வைத்திருந்தார். அந்தப் பக்கம் கடல்; கடல் பக்கம் கடை. அக்கணக்கை நம்பித் தண்ணீர் போகும் திசையிலேயே நடந்தார். நடக்க நடக்கக் கட்டடங்கள் பெயர் தெரியாதவையாக மாறின. கப்பல்களே கண்ணில் படவில்லை. நின்று ஆற்றைப் பார்த்தார். அப்போதுதான் உறைத்தது. ஆறு திரும்பி ஓடுகிறது.

கடல் ஏற்றத்தில் முகத்துவாரத்து ஆறு பின்னோக்கிப் போகும் என்பது இன்று பள்ளிப் பிள்ளைக்கும் தெரியும். பொதிகையில் பிறந்து ஒரே திசையில் ஓடும் ஆற்றை மட்டும் கண்ட அவருக்கு அது கியாமத் நாளின் அடையாளம் போலத் தோன்றிற்றாம். கரையில் உட்கார்ந்துவிட்டார். யாரிடம் கேட்பது? அந்த ஊரில் தாம் யார் மகன் என்பது எவருக்கும் தெரியாது என்பது அப்போது நெஞ்சில் பட்டது. பேட்டையில் இரண்டு தெரு நடப்பதற்குள் நாலு பேர் வாப்பாவின் பெயரைச் சொல்லி நலம் கேட்பார்கள். இங்கே அவர் யாருடைய மகனுமில்லை. "பயமாவும் இருந்துச்சு, ஒரு மாதிரி லேசாவும் இருந்துச்சு" என்று அவர் சொன்னபோது, எண்பதைக் கடந்த அந்த முகத்தில் ஒரு திருட்டுச் சிரிப்பு ஓடியதை நாம் பார்த்தோம். அயல் நகரத்துத் தனிமையின் இரு பக்கங்களையும் ஒரே மூச்சில் சொன்ன இவ்வாக்கியத்துக்கு இணையாகப் பயண நூல் எதிலும் நாம் படித்ததில்லை.

பிறகு, லாரியில் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்த ஒருவர் தம் கூட்டாளியை நம் சீமைப் பேச்சில் வண்டை வண்டையாக ஏசுவது காதில் விழுந்ததாம். அவ்வளவு இனிமையான தமிழை வாழ்நாளில் கேட்டதில்லை என்பார். அவரிடம் வழி கேட்டு மஃரிபுக்குக் கடை சேர்ந்தார்.

"என்னலே பாத்தே?" என்று கேட்டார் மாமா.

"ஒண்ணும் இல்ல மாமா."

இதை எழுதித் தாருங்கள், அச்சில் போடுவோம் என்று பலமுறை கேட்டோம். "இதுல எழுத என்ன இருக்கு?" என்றுதான் ஒவ்வொரு முறையும் பதில் வந்தது. வழி தப்பியதை எழுதுவது மானக்கேடு என்று நினைத்தாரோ, என்னவோ. சில ஆண்டுகளுக்கு முன் வபாத்தானார். அவர் வாயால் சொல்லியதில் பாதிதான் நம்மிடம் இருக்கிறது. அதை நாம் நம் நடையில் இங்கே கெடுத்திருக்கிறோம். அவர் எழுதவில்லை என்று குறைப்படும் உரிமையும் நமக்கு முழுதாக இல்லை. உயரங்களையும் எண்ணிக்கைகளையும் கேட்டு வாங்கி அச்சிட்டுப் பழகிய இதழ்களைப் பார்த்தே, இது எழுதத் தகாதது என்ற முடிவுக்கு அவர் வந்திருக்கக்கூடும்.

இந்நாளில் வழி தப்புவது அரிது. கைபேசி தெருத் தெருவாகக் கைப்பிடித்து அழைத்துப் போகிறது. இறங்கிய நிமிடமே வீட்டாரின் முகம் திரையில் தெரிகிறது. ஆகவே இனி அப்படி ஒரு நாளே யாருக்கும் வாய்க்காது என்பாரும் உண்டு. நாம் அப்படி நினைக்கவில்லை. இப்போது நம் வீட்டுப் பெண்கள் திருவனந்தபுரத்தில் தனியே விமானமேறிக் கணவர் இருக்கும் ஊருக்குப் போகிறார்கள். கணவர் வேலைக்குப் போன பின், பூட்டிய அடுக்குமாடி வீட்டின் சன்னலில் நின்று, பெயர் தெரியாத ஒரு நகரத்தைப் பகல் முழுதும் பார்க்கிறார்கள். ஒரு நாள் துணிந்து படியிறங்கிக் கடைவீதி வரை தனியே போய் வருகிறார்கள். அதை நமக்கு எழுதியனுப்பியவர் இதுவரை ஒருவருமில்லை. வந்தால், ஒரு எழுத்தும் வெட்டாமல் வெளியிடக் காத்திருக்கிறோம். கட்டடங்களின் உயரம் வேண்டியதில்லை.

பெரியவரின் தகரப் பெட்டியை அவர் மக்கள் நமக்குத் திறந்து காட்டினார்கள். அவர் வீட்டுக்கு எழுதிய கடிதங்களும், ஊரிலிருந்து அவருக்குப் போய், அவர் திரும்பும்போது கூடவே கொண்டுவந்த கடிதங்களும் ஒன்றாகக் கட்டப்பட்டிருந்தன. அவருடையவை எல்லாம் ஏறத்தாழ ஒரே வார்ப்பு: நலம், நலமறிய அவா, பணம் அனுப்பியது கிடைத்ததா, தங்கைக்கு வரன் பார்த்தாயிற்றா. நகரம் என்று ஒன்று வெளியே இருப்பதற்கான அடையாளமே இல்லை. முதற் கடிதத்தின் அடியில் மட்டும், இடம் போதாமல் ஓரத்தில் சாய்த்து எழுதிய ஒரு வரி இருந்தது. இவ்வூரில் ஆறு காலையில் ஒரு பக்கமும் பிற்பகலில் மறுபக்கமும் ஓடுகிறது என்று எழுதியிருந்தார்.

அதற்கு உம்மா யாரிடமோ சொல்லி எழுதுவித்த பதிலும் அதே கட்டில் இருக்கிறது. மகன் சேர்ந்த செய்தி கண்டு அல்லாஹ்வைப் புகழ்ந்துவிட்டு, அண்டை வீட்டார் ஸலாம் சொன்னதையெல்லாம் வரிசையாகச் சொல்லிவிட்டு, முடிவில் எழுதச் சொல்லியிருக்கிறார்: நீ அந்த ஆற்றில் இறங்கிக் குளிக்க வேண்டாம்.